கட்டத்துக்குள் புள்ளி வைத்த கதை

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் விசை, வெப்பம், அணு அமைப்பு, அமிலம், தாவர உலகம் எல்லாம் முடிந்து கடைசிப் பாடமாக நிற்பது ‘லிப்ரே ஆபீஸ் கால்க்’. எக்செல் மாதிரியே வேலை செய்கிற, காசு கொடுக்காமல் கிடைக்கிற மென்பொருள். அதற்கு முந்தைய வருஷம், ஏழாம் வகுப்பில், பிள்ளைகள் டக்ஸ் பெயின்ட்டில் படம் வரைந்திருப்பார்கள். பில் கெண்ட்ரிக் என்பவர் 2002-ல் சிறு பிள்ளைகளுக்காகவே எழுதி இலவசமாக விட்ட மென்பொருள் அது. ஏழாவதில் படம், எட்டாவதில் கணக்கு. இரண்டும் ஒரே கணினியில்தான் நடக்கின்றன. ஆனால் படம் வரைந்து பழகிய கைக்கு அடுத்த வருஷம் வந்து நிற்கும் கட்டங்கள் அந்நியமாக இருக்கின்றன. மதிப்பெண் பட்டியல் போடு, கூட்டு, சராசரி எடு என்று பாடம் நகரும்போது, பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடைப்பதில்லை.

சென்னையின் பாடியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு விடுமுறை நாட்களில் கால்க் சொல்லித் தருகிறேன். கணக்கிலிருந்து தொடங்குவதில்லை. கோலத்திலிருந்து தொடங்குகிறேன். பாடி தொழிற்சாலை ஊர். 1960-ல் வீல்ஸ் இந்தியா, 1961-ல் லூகாஸ் டிவிஎஸ், 1962-ல் பிரேக்ஸ் இந்தியா, 1966-ல் சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் என்று டிவிஎஸ் குடும்பத்துக் கம்பெனிகள் வரிசையாக வந்து உட்கார்ந்த இடம். பக்கத்திலேயே அம்பத்தூர் எஸ்டேட். இங்கே பல வீடுகளில் அப்பாவோ அம்மாவோ எக்செல் தாளோடு மல்லுக்கட்டுகிறவர்கள்: ஷிஃப்டுக்கு எத்தனை பீஸ், அதில் எத்தனை ரிஜெக்‌ஷன், இந்த மாத ஓ.டி. எத்தனை மணி. அதே ஊரில், திருவலிதாயம் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில், மார்கழி விடியலில் வாசலை அடைத்துப் புள்ளிக் கோலம் போடுகிற அம்மாக்களும் பாட்டிகளும் இருக்கிறார்கள். சில வீடுகளில் இரண்டு வேலையும் செய்வது ஒரே கை.

கணக்குத்தாளின் கட்டங்களுக்கு நிறம் கொடுத்துப் படம் வரைந்து, அந்தப் படத்தின் வழியாகப் பிள்ளைகளுக்கு முகவரி, சூத்திரம், நகல், எல்லை என்று ஒவ்வொன்றாகக் கற்றுத்தரும் இந்த முறை எந்த ஒருவர் மனதிலும் முழுசாக உதித்ததில்லை. பல ஊர்களில், பல வருஷங்களில், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள் கையில் துண்டு துண்டாகப் பிறந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்த துண்டு பிறந்த இடம் நம் பக்கத்திலேயே இருக்கிறது.

பாடி மேம்பாலத்திலிருந்து நூறடி ரோட்டில் கோயம்பேடு, வடபழனி தாண்டிப் போய், கத்திப்பாராவில் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்தால் தாம்பரம். அங்கே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் 1970களின் தொடக்கத்தில் மூன்று பேர் கோலத்தைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுபோனார்கள். கிஃப்ட் சிரோமணி அங்கே புள்ளியியல் பேராசிரியர். பழைய எழுத்துகள், மாமல்லபுரச் சிற்பங்களில் உள்ள உடைகள், தேர்தல் கருத்துக் கணிப்பு என்று எதைத் தொட்டாலும் எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர். அவர் மனைவி ராணி சிரோமணி கணிதப் பேராசிரியர். கணினி மொழிகளுக்கு இலக்கணம் எழுதும் கோட்பாட்டில் இந்தியாவில் முதல் தலைமுறை ஆய்வாளர். மூன்றாமவர் கமலா கிருதிவாசன், ராணியிடம் ஆய்வு செய்து பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் கணினி அறிவியல் பேராசிரியரானவர்.

அந்தக் காலத்தில் கணினி இலக்கணம் என்றால் எழுத்துகளை ஒரே வரியில் இடமிருந்து வலமாக அடுக்குவது. நோம் சாம்ஸ்கி 1950களில் போட்டுக்கொடுத்த பாதை அது. தாம்பரத்துக்காரர்கள் கேட்ட கேள்வி: ஒரே வரிக்குப் பதில், வரிசையும் நெடுவரிசையுமாக எழுத்துகளை அடுக்கினால் என்ன? அப்போது வாக்கியம் வராது, படம் வரும். அந்தப் படத்துக்கு இலக்கணம் உண்டா என்று சோதித்துப் பார்க்க அவர்களுக்கு வாசலிலேயே உதாரணம் கிடந்தது. ஒரு கோலம் சிறியதாக இருக்கும். அதே கோலத்தை அடுத்த அளவில் போட்டால் பெரியதாகும். ஆனால் எல்லா அளவிலும் அது அதே கோலம்தான் என்று பார்த்தவுடன் தெரியும். அப்படியென்றால் சிறியதிலிருந்து பெரியதற்குப் போக ஏதோ விதி இருக்க வேண்டும். பல பெண்கள் அந்த விதியை எழுதி வைத்ததில்லை, விரலில் வைத்திருந்தார்கள். அதைக் கட்டங்களின் விதியாக எழுதிக் காட்டிய கட்டுரை 1974-ல் கணினி வரைகலைக்கான ஓர் அயல்நாட்டு ஆய்விதழில் வந்தது. தலைப்பிலேயே ‘கோலம்’ என்ற சொல் இருந்தது. பின்னாளில், 1989-ல், செடி கொடிகள் வளர்வதைக் கணினியில் வரைந்து காட்டிய பிரஷிமிஸ்லாவ் புருசின்கீவிச்சும் கமலா கிருதிவாசனும் சேர்ந்து கோலத்தையும் கர்நாடக இசையையும் ஒரே வகை விதியால் உண்டாக்க முடியும் என்று எழுதினார்கள்.

அந்த 1974 கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் படுவது இது. வரிசை, நெடுவரிசை, ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு குறி, பக்கத்துக் குறியைப் பார்த்து இந்தக் குறியை முடிவு செய்யும் விதி. இன்றைக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளை கால்க்கைத் திறந்தால் பார்ப்பதும் அதே நான்கும்தான். தாம்பரத்தில் இது நடந்தபோது கணினியில் கணக்குத்தாள் என்ற பண்டம் கடைக்கு வந்திருக்கவில்லை. அதற்கு இன்னும் ஐந்து வருஷம் இருந்தது.

அது வந்த கதை ஒரு கரும்பலகையில் தொடங்குகிறது. 1978-ல் ஹார்வர்டு வணிகக் கல்லூரியில் டான் பிரிக்ளின் என்ற மாணவர் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். ஆசிரியர் பலகையில் பெரிய அட்டவணை போட்டு எண்களை நிரப்புகிறார். ஓர் எண் தப்பு என்றால் அதை அழித்து, அதைச் சார்ந்த அத்தனை எண்களையும் அழித்து, ஒவ்வொன்றாகத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. ஒரு எண்ணை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறுகிற பலகை இருந்தால்? பிரிக்ளின் இரவல் வாங்கிய ஆப்பிள் கணினியில் ஒரு மாதிரி செய்து பார்த்தார். அவர் நண்பர் பாப் ஃப்ராங்ஸ்டன் இரவுகளில் உட்கார்ந்து முழு மென்பொருளையும் எழுதினார். பகலைவிட இரவில் பெரிய கணினியை வாடகைக்குப் பயன்படுத்துவது அப்போது மலிவாக இருந்தது. 1979 அக்டோபரில் ‘விசிகால்க்’ விற்பனைக்கு வந்தது. 63 நெடுவரிசை, 254 வரிசை. கட்டத்துக்கு எப்படிப் பெயர் வைப்பது என்ற கேள்விக்கு பிரிக்ளின் வரைபடத்தைப் பார்த்தார்: மேலே எழுத்து, பக்கவாட்டில் எண். ஏ1, பி1, சி1. இன்றுவரை அந்த முகவரி மாறவில்லை.

விசிகால்க்கில் ஒரு வழக்கம் இருந்தது, அது இப்போதைய மென்பொருள்களில் இல்லாமல் போனதில் எனக்கு வருத்தம். ஒரு சூத்திரத்தை மற்ற கட்டங்களுக்கு நகல் எடுக்கச் சொன்னால், அதில் உள்ள ஒவ்வொரு முகவரியையும் காட்டி, “இது அப்படியே நிற்கட்டுமா, கூடவே நகரட்டுமா?” என்ற பொருளில் கேட்கும். பதில் சொன்ன பிறகுதான் வேலையைச் செய்யும். இன்றைக்கு அந்தக் கேள்வியை மென்பொருள் கேட்பதில்லை. டாலர் குறி போட்டால் நிற்கும், போடாவிட்டால் நகரும் என்று நாமே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களே இதில்தான் அதிகம் இடறுகிறார்கள்.

படம் கணக்குத்தாளுக்குள் வந்த வழி நேராக இல்லை. சிறு பிள்ளை வரைந்து வரைந்தே கணிதம் கற்கலாம் என்ற நம்பிக்கை 1967-லேயே சீமோர் பாப்பர்ட்டும் சிந்தியா சாலமனும் வாலி ஃபர்ட்சீக்கும் உருவாக்கிய லோகோ மொழியில் வந்துவிட்டது. பிற்பாடு அதில் ஓர் ஆமையை முன்னே போ, வலது திரும்பு என்று நடக்கவிட்டால் அது போன வழியெல்லாம் கோடு விழும். சதுரக் கட்டங்களை நிரப்பிப் படம் வரைவதைச் சூசன் கேர் 1980களின் தொடக்கத்தில் கிராஃப் தாளில் செய்தார். மெக்கின்டாஷ் கணினியின் சின்னங்கள் 32-க்கு 32 கட்டங்களில் பிறந்தவை. எக்செல் 1985-ல் வந்தது. 1997 பதிப்பில், கட்டத்தில் உள்ள எண்ணைப் பார்த்து அதன் நிறத்தைத் தானாக மாற்றும் வசதி சேர்ந்தது. அலுவலகத்தில் இலக்கைத் தொடாத விற்பனையைச் சிவப்பாகக் காட்டுவதற்காகச் செய்த வசதி. பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தரும் வேலையின் முதுகெலும்பே அதுதான்.

பிறகு இரண்டு பேர். ஜப்பானில் தத்சுவோ ஹோரியுச்சி பணி ஓய்வு நெருங்கிய வயதில், ஓவியம் வரைய விரும்பினார். வரைகலை மென்பொருளுக்குச் செலவழிக்க மனமில்லை, கணினியோடு வந்த எக்செல் சும்மா இருந்தது. அதிலேயே மலை, ஆறு, செர்ரி மரம் என்று வரைந்து 2006-ல் எக்செல் ஓவியப் போட்டியில் வென்றார். அவர் பயன்படுத்தியது எக்செல்லின் வடிவங்களை, கட்டங்களை அல்ல. கட்டத்தைத் தொட்டவர் கணிதத்தை மேடையில் சொல்லிச் சிரிக்க வைக்கும் மேட் பார்க்கர். ஒரு புகைப்படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களாகப் பிரித்து மூன்று கட்டங்களில் போட்டு, ஒவ்வொன்றையும் 0 முதல் 255 வரை அந்தந்த நிறத்தில் ஒளிரவிட்டார். கிட்டப் போய்ப் பார்த்தால் வெறும் எண்கள். எட்ட நின்றால் முகம். கணினிப் படம் என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு பிள்ளைக்குக் காட்ட முடியும் என்று நான் நினைக்கவில்லை.

இத்தனை துண்டுகளும் எங்கள் தெருவில் எப்படி ஒன்று சேர்கின்றன என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை யாரும் எடுத்துச் செய்யலாம்.

முதல் வேலை கட்டத்தைச் சதுரமாக்குவது. கால்க்கில் எல்லாக் கட்டங்களையும் தேர்ந்தெடுத்து, உயரம் 0.5 செ.மீ., அகலம் 0.5 செ.மீ. என்று கொடுத்தால் முடிந்தது. எக்செல்லில் உயரத்துக்கு ஓர் அளவுகோல், அகலத்துக்கு வேறோர் அளவுகோல். உயரம் 15 என்று இருக்கும்போது அகலத்தை ஏறத்தாழ 2.14 என்று வைத்தால் சதுரம் வரும். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளே இழுத்துப் பார்த்துக் கண்டுபிடிக்க விடுவது நல்லது. திரை முழுக்கச் சதுரக் கட்டங்கள் விரிந்ததும் ஏதாவது போட வேண்டும் என்று கை துறுதுறுக்க ஆரம்பிக்கும்.

அடுத்தது முகவரி. 15 புள்ளிக் கோலம் என்றால் ஏ முதல் ஓ வரை பதினைந்து நெடுவரிசை, 1 முதல் 15 வரை வரிசை. நடுப்புள்ளி எச்8. ஒரு பிள்ளை கிராஃப் நோட்டில் உள்ள கோலத்தைப் பார்த்து முகவரி வாசிக்கும், இன்னொன்று அந்தக் கட்டத்தில் 1 என்று தட்டும். ஒரே கணினியில் இரண்டு பேர் உட்கார வேண்டிய நிலைமை இங்கே தொல்லையாக இல்லாமல் வசதியாகிவிடுகிறது. கணினியே இல்லாத இடத்தில் கிராஃப் நோட்டும் கலர் பென்சிலும் போதும். நியூசிலாந்தில் டிம் பெல்லும் அவர் கூட்டாளிகளும் 1990களில் உருவாக்கிய கணினியில்லாக் கணினிப் பாடங்களில் இப்படி எண்ணைப் பார்த்துக் கட்டத்தை நிரப்பும் விளையாட்டு உண்டு. ஃபாக்ஸ் இயந்திரம் படத்தை அனுப்பும் முறையைப் பிள்ளைகள் அதில் கையாலேயே செய்துவிடுவார்கள்.

கட்டங்களில் 1 விழுந்ததும் திரையில் நிறம் வராது, எண்கள்தான் தெரியும். பிள்ளைகள் முகம் சுருங்கும். அப்போதுதான் ‘1 இருந்தால் சிவப்பு, 2 இருந்தால் மஞ்சள்’ என்ற விதியைப் போட்டுக் காட்டுவேன். கோலம் ஒரே நொடியில் நிறம் பிடிக்கும். விதியில் சிவப்பை ஊதாவாக்கினால் கோலம் முழுக்க ஊதாவாகும். பெயின்ட் வாளியால் ஒவ்வொரு கட்டமாக நிறம் கொட்டுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க வேண்டிய அவசியமே இருப்பதில்லை.

இந்த இடத்தில் என் கருத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கான கணக்குத்தாள் ஓவியம் என்ற பெயரில் கிடைப்பவற்றில் பல, கேள்விக்குச் சரியான விடையைத் தட்டினால் மறைந்திருக்கும் படத்தின் ஒரு பகுதி வெளிப்படுகிற தாள்கள். பிள்ளை பெருக்கல் வாய்பாட்டைப் பயில அவை உதவும். ஆனால் படத்தை உண்டாக்கும் சூத்திரம் ஏற்கெனவே வேறு யாரோ எழுதியது. அதைப் பிள்ளை பார்ப்பதுகூட இல்லை. கணக்குத்தாள் கற்க வேண்டுமென்றால் சூத்திரம் பிள்ளையின் கையால் எழுதப்பட வேண்டும், உடைய வேண்டும், திருத்தப்பட வேண்டும்.

உடைவது சீக்கிரமே நடக்கும். கோலத்தின் இடது பாதியை மட்டும் கையால் போடு, வலது பாதி தானாக வரட்டும் என்பேன். நடு நெடுவரிசை எச். அதற்கு வலப்பக்கம் உள்ள ஐ1, இடப்பக்கம் உள்ள ஜி1-ஐப் பார்த்து எழுத வேண்டும். ஐ1-ல் ‘சமம் ஜி1’ என்று எழுதிக் கீழே இழுத்தால் ஐ2-ல் ஜி2, ஐ3-ல் ஜி3 என்று தானாகவே மாறிக்கொண்டு போகும். பிள்ளைகளுக்கு அதில் பெரிய சந்தோஷம். அதே தைரியத்தில் அடுத்து வலது பக்கமும் இழுப்பார்கள். “அக்கா, இலை திரும்பவே இல்ல, நடுவுல இருந்த ரெண்டு நெடுவரிசையே மாறி மாறி வந்துடுச்சு!” என்று சத்தம் கேட்கும். வலது பக்கம் இழுத்தபோது ஜே1, எஃப்1-ஐப் பார்க்காமல் எச்1-ஐப் பார்க்கிறது. இழுத்த திசையிலேயே முகவரியும் நகர்ந்துவிட்டது. கண்ணாடிப் பிம்பத்துக்கு முகவரி எதிர்த்திசையில் நகர வேண்டும். நெடுவரிசை எண்ணை 16-லிருந்து கழித்தால் எந்தக் கட்டத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும் என்பதைப் பெரும்பாலும் யாராவது ஒரு பிள்ளை விரல் விட்டு எண்ணியே கண்டுபிடித்துவிடும். 9-வதற்கு 7, 10-வதற்கு 6, 15-வதற்கு 1.

கோலத்தை நான் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணமே இதுதான். கணக்கில் சூத்திரம் தப்பானால் ஓர் எண் வரும். அது தப்பான எண் என்று எங்கும் எழுதியிருக்காது. கோலத்தில் சூத்திரம் தப்பானால் திரும்ப வேண்டிய இலை திரும்பாமல் நிற்கும். பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும், பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் பாட்டிக்கும் தெரியும்.

கண்ணுக்குத் தெரியாத தப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணங்கள் இருக்கின்றன. அரசுக் கடன் அதிகமானால் வளர்ச்சி குறையும் என்று பொருளியலாளர்கள் கார்மென் ரைன்ஹார்ட்டும் கென்னத் ரோகாஃபும் 2010-ல் எழுதிய கட்டுரையைப் பல நாடுகளின் அரசியல்வாதிகள் சிக்கன நடவடிக்கைக்கு ஆதாரமாகக் காட்டினார்கள். 2013-ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் அவர்களுடைய எக்செல் தாளைத் திறந்து பார்த்தபோது, சராசரி எடுக்கும் சூத்திரம் 49-வது வரிசை வரை போகாமல் 44-வதிலேயே நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் கணக்கிலேயே வரவில்லை. அந்தக் கட்டுரையில் வேறு குறைகளையும் அவர் சுட்டினார், ஆனால் எல்லோருக்கும் நினைவில் நிற்பது இந்த ஐந்து வரிசைகள். 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் கொரோனா தொற்றுக் கணக்கில் ஏறத்தாழ 16,000 பேர் விடுபட்டார்கள். பழைய எக்செல் கோப்பு 65,536 வரிசைக்கு மேல் தாங்காது, மீதியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. பிள்ளைகளிடம் இவற்றைச் சொல்லும்போது அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: கலர் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே? ஐந்து நாடுகளைப் பொறுத்தவரை, ஆம், தெரிந்திருக்கும்.

எல்லை என்பதைக் கற்றுக்கொள்ள ஊடுபுள்ளிக் கோலத்தைவிட நல்ல பாடம் இல்லை. மார்கழியில் பத்திரிகைகளில் வரும் கோலப் பக்கங்களில் ‘15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரை’ என்று போட்டிருப்பார்கள். நடு வரிசையில் 15 புள்ளி. மேலேயும் கீழேயும் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு புள்ளி குறைந்து 8-ல் நிற்க வேண்டும். ஒவ்வொரு புள்ளியும் முந்தைய வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழ வேண்டும். வாசலில் கண் அளவாகவே போட்டுவிடலாம். கட்டத்தில் இரண்டு புள்ளிக்கு நடுவில் இடம் வேண்டுமென்றால் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் வைக்க வேண்டும். அப்படியானால் 15 புள்ளிக்கு 29 நெடுவரிசை வேண்டும். ஆங்கில எழுத்து இருபத்தாறுதானே என்று திகைப்பு வரும். இசட்டுக்குப் பிறகு ஏஏ, ஏபி, ஏசி என்று போவதை அன்றைக்குத்தான் பார்ப்பார்கள். 29-வது நெடுவரிசை ஏசி. நடுப்புள்ளி ஓ8.

இந்தப் புள்ளிகளைக் கையால் தட்டலாம். விதியாகவும் எழுதலாம்: வரிசை எண்ணையும் நெடுவரிசை எண்ணையும் கூட்டினால் ஒற்றைப்படை வருகிறதா, நடுவிலிருந்து பக்கவாட்டுத் தூரமும் மேல் கீழ்த் தூரமும் சேர்ந்து 14-க்குள் இருக்கிறதா. இரண்டும் ஆம் என்றால் 1, இல்லையென்றால் 0. நடுவின் எண்ணை வேறொரு கட்டத்தில் எழுதிவைத்து அதைச் சூத்திரம் பார்க்கும்படி செய்தால், டாலர் குறியின் பாடம் தானாக வந்து சேரும். குறி போடாமல் இழுத்த பிள்ளையின் கோலம் சரிந்து சிதறும். விசிகால்க் கேட்ட அந்தப் பழைய கேள்வியை அப்போது நான் வாயால் கேட்பேன்: இது நிற்கணுமா, நகரணுமா?

கடைசியில் ஏ1 முதல் ஏசி15 வரை கூட்டச் சொல்வேன். 169 வர வேண்டும். நடு வரிசை 15, அதோடு 14 முதல் 8 வரை கூட்டினால் 77, அது மேலே ஒன்று கீழே ஒன்று: 154. ஆக 169. யாருக்காவது 161 வந்தால் எட்டுப் புள்ளி எங்கே போயிற்று என்று தேட வேண்டும். பெரும்பாலும் கூட்டல் சூத்திரம் 15-வது வரிசையைத் தொடாமல் 14-லேயே நின்றிருக்கும். படம் சரியாக இருக்கிறது, கூட்டல் மட்டும் தப்பு. ரைன்ஹார்ட், ரோகாஃப் தாளில் நடந்ததும் இதுவே. புள்ளிகள் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக விழும் நேர்ப்புள்ளியில் 1, 3, 5 என்று ஏறி 15-ஐத் தொட்டு இறங்கினால் 113. புள்ளி எண்ணிக்கையைக் கோலமாவு தீரும் கணக்காக மட்டும் நினைத்திருந்த ஒரு பிள்ளையின் அம்மா, இந்த 169-ஐத் தாளில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு, அது 13 பெருக்கல் 13 என்று எங்களுக்குச் சொன்னார். பிள்ளைகள் உடனே வேறு அளவுகளுக்கும் அப்படிச் சதுர எண் வருமா என்று சோதித்தார்கள். 7 புள்ளி, ஊடுபுள்ளி 4 வரை: 37. வரவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கட்டத்தை நிரப்பும் கோலங்கள். புள்ளியைச் சுற்றி வளைந்து ஓடும் சிக்குக் கோலம் இதில் அடங்காது. கட்டத்துக்கு நிறம் உண்டு, வளைவு கிடையாது. இதற்கு வழி தாம்பரத்துக்காரர்களின் முறையிலேயே இருக்கிறது: கட்டத்தில் நிறத்துக்குப் பதில் ஒரு கோலத் துண்டை வைப்பது. ஒரு புள்ளிக்கு நான்கு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் கோடு அந்தப் பக்கத்துப் புள்ளிக்குக் கடந்து போகிறதா, இல்லை இந்தப் புள்ளியைச் சுற்றியே திரும்பிவிடுகிறதா என்று ஒரே கேள்வி. கடந்தால் 1, திரும்பினால் 0. நான்கு பக்கத்துக்கும் சேர்த்துப் பதினாறு வகை. மேல் பக்கத்துக்கு 1, வலது பக்கத்துக்கு 2, கீழுக்கு 4, இடதுக்கு 8 என்று மதிப்பு வைத்துக் கூட்டினால் ஒவ்வொரு வகைக்கும் 0 முதல் 15 வரை ஓர் எண் கிடைக்கும். 0 என்றால் தனி வட்டம். 5 அல்லது 10 என்றால் இரண்டு முனையும் கூரான கண் வடிவம். 15 என்றால் நான்கு பக்கமும் திறந்த வைரம். திருப்பி வைத்தால் ஒன்றாகிவிடுபவற்றைக் கழித்தால் ஆறே வடிவம்தான். பள்ளியில் பின்னால் வரப்போகும் இரும எண் இங்கே கோலமாவோடு வந்துவிடுகிறது.

பிள்ளைகள் அட்டையில் பதினாறு துண்டும் வரைந்து வெட்டி வைத்திருக்கிறார்கள். தாளில் இரண்டு புள்ளிக்கு நடுவே உள்ள ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு கட்டம். அதில் 0 அல்லது 1 என்று சீட்டுக் குலுக்குவது போல எடுக்கும் சூத்திரம். ஓரத்து வாசல்கள் எப்போதும் 0. எஃப்9 தட்டினால் எண்கள் மாறி, 5-க்கு 5 புள்ளியில் புதிய சிக்குக் கோலத்தின் எண்கள் வரும். அதைப் பார்த்து அட்டைகளைத் தரையில் அடுக்குவார்கள். எந்த எண் வந்தாலும் கோடு எங்கேயும் அறுந்து நிற்காது, ஆனால் எல்லாம் ஒரே கோடாக வருவது அபூர்வம். இரண்டு, மூன்று, சில சமயம் ஏழெட்டுத் தனிக் கம்பிகளாக உடைந்திருக்கும். விரலால் ஓட்டிப் பார்த்து எத்தனை கம்பி என்று எண்ணித் தாளின் ஓரத்தில் எழுதிவைக்கிறார்கள். இரண்டு வேறு கம்பிகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் வாசலில் 0-வை 1 ஆக்கினால் அவை ஒன்றாகிவிடும் என்பதைப் போன வாரம் கண்டுபிடித்தார்கள். உடைந்த கோலத்தை மிகக் குறைந்த மாற்றத்தில் ஒற்றைக் கம்பியாக்குவது யார் என்று இப்போது போட்டி நடக்கிறது.